நான் மாற்றாமல் விட்ட நீல நூல்

ஜோ,

நீ கேட்டது ஒரே ஒரு பக்கம். "எங்க குழுவோட வலைப்பக்கத்துல மொதல்ல போடறதுக்கு, நீ நடத்துன சனிக்கிழமை வட்டத்தைப் பத்தி எழுதிக் குடும்மா, அந்தத் தம்ளர் கதை கண்டிப்பா இருக்கணும்" என்று போன மாதம் வந்தபோது சொல்லி, குழுவின் விளம்பரத்தாளையும் கொடுத்துவிட்டுப் போனாய். கோட்டூர்புரத்தில் நூலகத்துக்குப் பக்கத்தில் அறை பிடித்தாயிற்று, பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தாயிற்று, வருகிற சனிக்கிழமை ஆரம்பம். இந்த நேரத்தில் அம்மா ஒரு பக்கத்துக்குப் பதில் இவ்வளவு நீளமாக எழுதி அனுப்பியிருக்கிறாளே என்று உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். நீ கேட்ட கதையை என்னால் எழுத முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். இதைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், ஆனால் படிக்காமல் மட்டும் சனிக்கிழமை அந்த அறைக்குள் போகாதே.

அந்தத் தம்ளர் கதை நம் வீட்டில் எப்படி வளர்ந்தது என்று உனக்கே தெரியும். உன் அப்பா அதைச் சொல்லாத கல்யாணப் பந்தி கிடையாது. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் வாயைத் திறக்காமல் வேலை பார்த்த மனிதர், இந்தக் கதை என்று வந்துவிட்டால் இலையில் கை வைக்காமல் பேசுவார். ஏழு வாரம் ஒரு வார்த்தை பேசாத பெண், இவள் ஒரே ஒரு தம்ளரைக் கையில் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான், மடை உடைந்த மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டாள் என்பார். பந்தியில் இருப்பவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அதெல்லாம் பெரிய விஷயமா என்கிற மாதிரி சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உன் அப்பாவுக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். உனக்கும் அதேதான். மீதிப் பாதியைத் தெரிந்துவைத்திருந்த நான் பதினாறு வருடமாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வட்டம் ஆரம்பித்தபோது உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நான் கணக்கு டீச்சர். மனசு விட்டுப் பேசும் குழுக்களை நடத்துவதற்கான பத்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, மயிலாப்பூரில் நம் பங்குக் கோயிலை ஒட்டிய மாடி அறையைக் கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதின்மூன்று நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன். நடுவில் ஒரு ஸ்டூல். அதன்மேல் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மெழுகுவர்த்தியைப் பார்த்தால் இது ஏதோ செபக்கூட்டம் என்று மாடவீதிக்காரர்கள் படியேற மாட்டார்கள் என்று யோசித்து, ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வைத்தேன். யார் கையில் தம்ளர் இருக்கிறதோ அவர் பேசலாம். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டக்கூடக் கூடாது. பேசி முடித்தவர் அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார். பேச இஷ்டமில்லையா, குடிக்காமல் அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். முதல் நாளே கரும்பலகையில் என் கையாலேயே எழுதிப் போட்டேன்.

முதல் நாள் நடந்ததை உனக்கு எப்படிச் சொல்வேன் ஜோ. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். தம்ளரை வாங்கியதும் தண்ணீர் அவர் வேட்டியில் சிந்தியது. பிறகு அவர் பேசினார். என்ன பேசினார் என்று எழுத ஆரம்பித்து, பேனாவை மூடி வைத்துவிட்டேன். அது என்னுடையது இல்லை. அவர் பேசியபோது மற்றவர்கள் மூச்சு விடும் சத்தம் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது, அதை மட்டும் சொல்கிறேன். ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் கோயிலுக்குள் தனியாக நுழைந்தால் காலடிச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளத் தோன்றுமே, அப்படி எனக்குத் தோன்றியது. நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று காய் வாங்குகிறார்கள், பேருந்தில் இடம் பிடிக்கிறார்கள், இந்த மனிதர்களுக்குள்ளே இவ்வளவு பெரிய ஒன்று இருக்கிறதா என்று மலைத்துப் போனேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டபோதும் அது அடங்கவில்லை. "இன்னாம்மா, ஜுரமா?" என்று கேட்டாய். இல்லை என்றேன்.

அந்த மலைப்பு அவர்கள்மேல் இருந்தவரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. எந்த வாரம் அது என்மேல் திரும்பியது என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள், "டீச்சர், நீங்க இல்லன்னா" என்று ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்கக் கேட்க நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். செய்தது என்ன, நாற்காலி போட்டேன், தண்ணீர் பிடித்து வைத்தேன். அதே வங்கி அதிகாரி ஒருநாள் கடையிலிருந்து போன் செய்தார், சோபா வாங்க வந்திருக்கிறேன், பச்சையா மெரூனா என்று கேட்டார். பெண்டாட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார், எனக்குப் போன் செய்கிறார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஒரு நிமிடம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு மெரூன் என்றேன். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்கோ டீச்சர், அந்த சோபா இன்னும் ஆத்துலதான் இருக்கு, அவளுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் பிடிக்கல" என்றார்.

இப்போது அந்தப் பெண். புவனா என்று வைத்துக்கொள். தி. நகரில், பெரிய கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை மிஷின் போட்டுத் தையற்கடை வைத்திருந்தாள். என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் அம்மா சொல்லி வட்டத்துக்கு வந்தாள். சரியாகப் பத்து மணிக்கு வருவாள், ஜன்னலோர நாற்காலியில் உட்காருவாள், பேசுகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தம்ளர் கைக்கு வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். பிறகு குடிக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவாள். இப்படி ஏழு வாரம். அவள் அடுத்த வாரமும் வந்தாளே, அதற்கடுத்த வாரமும் வந்தாளே, அந்த அறையில் அவளுக்கு ஏதோ கிடைத்துக்கொண்டுதானே இருந்தது? அதை நான் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் என் வட்டத்தில் பேசாமல் இருந்த ஒரே ஆள் இவள்தான் என்பது மட்டும் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. கணக்கு டீச்சருக்கு விடை வராத கணக்கு ஒன்று நோட்டில் இருந்தால் தூக்கம் வராது, உனக்குத்தான் தெரியுமே.

எட்டாவது வாரம் அவள் தம்ளரைப் பக்கத்து நாற்காலிக்கு நீட்டினாள். நான் எழுந்து போய் அதை வாங்கி, திரும்ப அவள் கையிலேயே வைத்தேன். என் கையையும் அவள் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். "இன்னிக்கு உன்னை விடமாட்டேன் புவனா, நாங்க எல்லாரும் உனக்காக உக்காந்திருக்கோம்" என்றேன். குரல் எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மனுஷி எப்படி மறுப்பாள்? கரும்பலகையில் நான் எழுதிய சட்டம் எனக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அதை மீறினேன். அவள் பேசினாள்.

கைக்குழந்தையோடு தனியாக நின்ற ஒரு காலத்தில், பிள்ளை இல்லாத தன் அக்காவிடம் மகளைக் கொடுத்துவிட்டாள். மகள் அக்காவை அம்மா என்றும் இவளைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். மகளுடைய துணி எல்லாம் இவள்தான் தைப்பாள். தைத்து முடித்ததும், ஓரத்தை மடித்துத் தைக்கும் இடத்தின் உட்புறத்தில், யார் கண்ணுக்கும் படாமல், நீல நூலால் ஒரு சின்னப் புள்ளி போடுவாள். முதல் சட்டையிலிருந்து அப்படித்தான். எந்த நிறத் துணியாக இருந்தாலும் நீல நூல்தான். அம்மா என்று கையெழுத்துப் போட முடியாது, அதனால் அந்தப் புள்ளி. அவள் சொல்லி முடித்தபோது அறையில் அழாதவர் யாருமில்லை. நானும் அழுதேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மனசு லேசாகிவிட்டது, இனி எதற்கு வரப்போகிறாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை பொறுத்துக்கொள்ளக்கூடிய தப்பாக இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்து அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். மனசைத் திறந்து பேசுவது பற்றி. நூற்றைம்பது பிள்ளைகள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பின் வரிசையில் ஒருத்தி வெளிப்படையாகக் கொட்டாவி விட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. எது சொன்னால் இந்த ஹால் நிமிரும் என்று எனக்குத் தெரியும், ஜோ. சொன்னேன். பெயரை மாற்றினேன். தி. நகர் என்று சொல்லாமல் வேறு ஊர் சொன்னேன். அக்கா என்பதைத் தூரத்துச் சொந்தம் என்று ஆக்கினேன். ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன் என்று எனக்கு எவ்வளவு திருப்தி! நீல நூலை மட்டும் மாற்றவில்லை. ஏனென்றால் அது அழகாக இருந்தது. அதைச் சொன்ன நொடியில் அந்த ஹாலில் அப்படி ஓர் அமைதி. கொட்டாவி விட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குனிந்து, தன் சுடிதாரின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் பிரிந்துவிட்டது போல, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உருக்கமான இடத்தில்கூடத் துணிமேல்தான் கண் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் புவனா நம் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தவன் நீதான். உனக்குப் பதினாலு வயது, கிரிக்கெட் மட்டையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாய். நான் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் வாசல் பக்கமே நின்றாய். அவள் உட்காரவில்லை. கத்தவும் இல்லை. வட்டத்தில் பேசிய அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

"நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்ட்டீங்க டீச்சர். படிப்பு முடியட்டும், நானே சொல்றேன்னு அக்காவாண்ட பேசி வெச்சிருந்தேன். இன்னும் எட்டு மாசம்தான். எப்டி சொல்றதுன்னு தெனம் மிஷின் முன்னாடி குந்திக்கினு ஒத்திகை பாத்துக்கினு இருந்தேன். ஒரு ஹாலு மொத்தத்துக்கும் தெரிஞ்சி, அதுக்கப்புறம் எம் பொண்ணுக்குத் தெரிஞ்சிது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. "நான் பேரைச் சொல்லலையே புவனா" என்றேன். அந்த வார்த்தை வாயைவிட்டு வந்தபோதே எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். வட்டத்தில் வைத்த தம்ளரோடு ஒரே நாளில் வாங்கிய டஜனில் ஒன்றுதான் அதுவும். ஒரு சொட்டுக் குடிக்காமல் அதை உன் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கிவிட்டாள். மூன்றாவது வரிசையில் சுடிதார் ஓரத்தைத் திருப்பிப் பார்த்த அந்தப் பெண் அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன கேட்டாள், அவர்களுக்குள் என்ன நடந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. "யாரும்மா அவங்க, ஏன் தண்ணி குடிக்கல?" என்று நீ கேட்டாய். அவசரமாகப் போகணுமாம் என்றேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

வட்டத்தை அந்த மாதமே நிறுத்தினேன். முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பழக்கம் மட்டும் போகவில்லை. உனக்குப் பத்தொன்பது வயதில் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாயே, அப்போது உன்னைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார வைத்து, முன்னால் ஒரு தம்ளரை நகர்த்தி, மனசில் இருப்பதைச் சொல் என்று அதே குரலில் ஆரம்பித்தேன். "நான் உன் சனிக்கிழமை ஆள் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். எனக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை உன் அப்பா உன்னை நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். அவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வஞ்சிரத்தின் விலைக்கு அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் சங்கரா வாங்கிக்கொண்டு வந்தார். கொல்லைப்புறக் குழாயடியில் நீங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்து செதில் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். திடீரென்று நீ பேச ஆரம்பித்தாய். அவர் தலையை நிமிர்த்தவில்லை, செதில் உரிப்பதை நிறுத்தவும் இல்லை, "உம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாள் பயிற்சி எடுத்த நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது, இது நான் கேட்பதற்காகச் சொல்லப்படுகிற பேச்சு இல்லையே என்று. ஜன்னலைச் சாத்திவிட்டு மிளகாய் அரைக்கப் போனேன். அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று இன்றுவரை அவரைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இப்போது உன் விளம்பரத்தாளுக்கு வருகிறேன். தாளில் எழுத்து எல்லாம் அழகாக இருக்கிறது. "ஆறே வாரத்தில் உங்களை நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று போட்டிருக்கிறாய். ஏன்டா, நான் அறுபத்து மூன்று வருடமாகத் தேடுகிறேன். அது போகட்டும், கடைக்காரன் கூவத்தான் செய்வான். எனக்கு இடித்தது கடைசி வரி. ஒவ்வொரு வாரமும் முடிந்த பிறகு வந்தவர்களின் அனுபவத்தை இரண்டு நிமிட வீடியோவாக எடுப்போம், அவரவர் சம்மதத்தோடு, என்று எழுதியிருக்கிறாய். எப்போது கேட்பாய் அந்தச் சம்மதத்தை? அழுது முடித்த கண்ணோடு, உன்னைப் பார்த்து நன்றியில் உருகிக்கொண்டிருக்கும்போதா? அந்த நேரத்தில் சொத்தை எழுதிக் கேட்டாலும் கொடுப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். கேட்பதாக இருந்தால் ஒரு மாதம் கழித்து, அவர்கள் பல் விளக்கிக்கொண்டிருக்கும் காலை நேரத்தில், உன்மேல் கொஞ்சம் சலிப்பு வந்த பிறகு கேள். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். அதுதான் அவர்களுடைய நிஜமான பதில். நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்த வரியை நீ எழுதியது கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆசையில். நான் தம்ளரைத் திருப்பிக் கொடுத்ததும் ஆசையில்தான். அதனால்தான் பயப்படுகிறேன்.

நீ விளம்பரத்தாளைக் கொடுத்துவிட்டுப் போன அன்றே உன் அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். "அப்போ நான் பந்தி பந்தியா சொல்லிக்கினு இருந்தது இதையா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பெசன்ட் நகரில் ஒரு கல்யாணம். பக்கத்து இலைக்காரர், "சார், அந்தத் தம்ளர் கதை" என்று எடுத்துக் கொடுத்தார். இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, மறந்துவிட்டது என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஆட்டோ பிடித்து தி. நகருக்குப் போனேன்.

சந்து அப்படியே இருந்தது, கடையும் இருந்தது. புவனாவுக்கு முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன், மூன்று நிமிடம் பேசும் அளவுக்கு. வாசலில் நின்றபோது அவளும் இப்படித்தானே இந்த மிஷின் முன்னால் ஒத்திகை பார்த்தாள் என்று நினைவு வந்தது, அந்த மூன்று நிமிடத்தையும் விட்டுவிட்டேன். "நான் செஞ்சது தப்பு புவனா. பேரைச் சொல்லலன்னு அன்னிக்கு சொன்னேனே, அது அதைவிடத் தப்பு" என்றேன். அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஓரம் முடியும்வரை தைத்து, நூலைக் கத்தரித்துவிட்டு, "தெரியும் டீச்சர்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்க அங்கே போகவில்லை, கேட்டிருந்தால் மறுபடியும் அவள் கையை அழுத்தியதாகத்தான் ஆகியிருக்கும்.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்குக் கதவைத் திறந்த பையன் என்றதும், "தண்ணி குட்த்த புள்ள" என்றாள். பதினாறு வருடம் நினைவு வைத்திருக்கிறாள், ஜோ. அவனுக்கு இதை எழுத வேண்டும், அவனைப்போல் குழு நடத்தும் மற்றவர்களும் படிக்கும்படி எழுத வேண்டும், நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன் என்றேன். "இன்னாத்துக்கு டீச்சர்?" என்றாள். அவன் என்னை மாதிரி ஆகிவிடக் கூடாது என்றேன். அடுத்த துணியை எடுத்து விரித்துப்போட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. அந்த ஏழு வாரத்தில் என்னால் முடியாதது அன்றைக்கு முடிந்தது. கடைசியில் சொன்னாள்.

"எழுதிக்குங்க. மொதல்ல என்னாண்ட காட்டுங்க. இந்தவாட்டி நூலையும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன். நீ படித்துக்கொண்டு வந்த நீல நூல் அந்த நூல் இல்லை. அது நூலே இல்லை. அவள் தையற்காரியும் இல்லை, கடை இருப்பது தி. நகரிலும் இல்லை. கொடுத்தது அக்காவிடமா, கொடுத்தது குழந்தையையா என்றெல்லாம் தோண்டாதே. அவளுக்கு மகள் உண்டா என்றுகூட நான் சொல்லப்போவதில்லை. அவள் சொன்ன அடையாளம் நான் இங்கே வைத்திருப்பதைவிட ஆயிரம் மடங்கு அழகானது, அதனால்தான் அது இங்கே இல்லை. இதை வாசிக்கும்போது உனக்கு, அம்மா, அப்பா சொன்ன கதையில் அவர்கள் வேறு வேலை அல்லவா பார்த்தார்கள் என்று வாய் துறுதுறுக்கும். மூடிக்கொள். எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பத்திகளை அடித்துவிடச் சொன்னாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் எங்காவது சட்டென்று தாண்டிப்போவதுபோல் இருந்தால், அவை இருந்த இடம் அது. அப்படியே மாற்றாமல் விட்டிருப்பது நான் செய்ததை மட்டும்தான். கரும்பலகை, கை அழுத்தியது, ஹாலுக்கு முன்னால் நின்று பெருமைப்பட்டது, பேரைச் சொல்லலையே என்றது, எல்லாம் நடந்தது நடந்தபடி.

படித்துக் காட்டி முடித்துக் கிளம்பும் நேரம். எனக்குப் புத்தி எங்கே வந்தது? பதினாறு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன். "இப்ப அவ உன்னை என்னன்னு கூப்புடறா புவனா?" என்றேன். அவள் எழுந்து போய்க் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டாள். நின்றபடியே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள், ஜன்னலோர நாற்காலியில் பிடித்துக்கொண்டிருந்த அதே மாதிரி. அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. பிறகு குடிக்காமல் அந்தத் தம்ளரை என் கையில் கொடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது ஜோ, அந்த முதல் சனிக்கிழமைக்குப் பிறகு அப்படிச் சிலிர்த்தது அன்றைக்குத்தான். கேட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது, பதில் வராததில் சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

வருகிற சனிக்கிழமை உன் அறையில் கூடுதலாக ஒரு நாற்காலி எனக்குப் போடு. அம்மா என்று யாரிடமும் சொல்லாதே, பெயர் கொடுத்து வந்த கிழவி என்று இருக்கட்டும். தம்ளர் சுற்றி வந்து என் கைக்கு வரும். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது என்று உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தைப் படித்தவன் நீ. நான் குடிக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன். அப்போது நீ என்னைப் பார்க்கக் கூடாது. தம்ளர் யார் கைக்குப் போகிறதோ அவரைப் பார்.

அம்மா